சிடி அலமாரியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது: கேள்வி பதில்

வீட்டிலிருக்கும் பாட்டு சிடிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றி மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். எந்த ஸ்பீக்கர், எந்த ஆம்ப்ளிஃபையர் என்ற கேள்விகளை எடுக்கவில்லை. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

செம்பூரிலிருந்து: சார், வீட்டில் 600 சிடி இருக்கிறது. எம்பி3 320-ல் மாற்றினால் போதாதா? காதுக்கு வித்தியாசமே தெரியாது என்கிறார்களே.

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனாலும் நான் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஃபிளாக் கோப்பிலிருந்து நாளைக்கு எந்த வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம், மூலம் அப்படியே இருக்கும். எம்பி3-யை இன்னொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். இடக் கணக்கையும் பாருங்கள். சிடியில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி ஆகிறது. ஒரு மணி நேர சிடி என்றால் 600 எம்பி. ஃபிளாக் ஆக்கினால் அது 300-லிருந்து 400-க்குள் அடங்கும். உங்கள் 600 சிடியும் சேர்ந்து 240 ஜிபியைத் தாண்டாது. 1 டிபி டிஸ்க்கில் கால்வாசி. எம்பி3-யால் மிச்சமாகும் பணம் சொற்பம். ஆனால் 600 சிடியை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் வேலையை இன்னொரு தடவை செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்குமா?

டோம்பிவிலியிலிருந்து: அண்ணா, எந்த சாஃப்ட்வேர்? என்னுடையது விண்டோஸ் லேப்டாப். அதில் சிடி டிரைவே இல்லை.

டிரைவுக்கு லாமிங்டன் ரோடு போங்கள் தம்பி, யூ.எஸ்.பி.யில் மாட்டும் டிவிடி ரைட்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாஃப்ட்வேருக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக இஏசி. இலவசம். பார்க்கப் பழைய காலத்து ஆள் மாதிரி இருக்கும், வேலையில் கெட்டி. சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் சாதாரண மென்பொருள் (ரிப்பர்), கீறல் வந்த இடத்தில் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டு, 'முடிந்தது' என்று சொல்லிவிடும். இஏசியின் செக்யூர் முறை, சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, சரிவராவிட்டால் எந்தப் பாட்டில் எந்த வினாடியில் என்று அறிக்கையில் எழுதிவைக்கும்.

இதோடு அக்யுரேட்ரிப் என்று ஒரு சேவை இருக்கிறது. அதே சிடியை உலகில் வேறு யாராவது எடுத்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்ததும் உங்களுக்குக் கிடைத்ததும் ஒன்றா என்று ஒப்பிட்டுச் சொல்லும். நம் சிக்கல் என்னவென்றால் தமிழ் சிடிகள் பலவும் அந்தப் பட்டியலில் இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். 'டெஸ்ட் அண்ட் காப்பி'யை அழுத்துங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படிக்கும். அறிக்கையில் டெஸ்ட் சிஆர்சி, காப்பி சிஆர்சி என்று எட்டெட்டு எழுத்துகளில் இரண்டு குறியீடுகள் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அநேகமாகச் சரி, அடுத்த சிடிக்குப் போகலாம்.

முதல் நாள் மட்டும் ஒரு வேலை உண்டு. டிரைவின் ஆஃப்செட்டை, அதாவது அது சிடியைச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கும் அளவை, இஏசி கண்டுபிடிக்க, அக்யுரேட்ரிப் பட்டியலில் உள்ள சிடி ஒன்று வேண்டும். நன்றாக விற்ற ஆங்கில ஆல்பம் ஏதாவது நண்பர் வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி வாருங்கள்.

மேக் என்றால் எக்ஸ்எல்டி. லினக்ஸ் என்றால் விப்பர். செட்டிங்ஸ் நோண்டப் பிடிக்காது, பணம் பரவாயில்லை என்பவர்களுக்கு டிபிபவர்ஆம்ப்.

மாட்டுங்காவிலிருந்து: எல்லாம் கர்நாடக சங்கீத சிடிகள். ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக். நடுவில் விக்கல் மாதிரி ஒரு இடைவெளி விழுகிறது. பெயர்களும் தாறுமாறாக வருகின்றன.

விக்கலுக்குக் காரணம் அநேகமாக எம்பி3. அந்த வடிவம் டிராக்கின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும், எல்லா பிளேயரும் அதை வெட்டாது. ஃபிளாக்கில் அது கிடையாது. பிளேயரில் 'கேப்லெஸ்' (இடைவெளியில்லாமல் ஓட்டுவது) இருந்தால் போடுங்கள், 'கிராஸ்ஃபேட்' (ஒன்றின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலப்பது) இருந்தால் அணையுங்கள். ராகம் தானம் பல்லவியில் கிராஸ்ஃபேட் செய்யும் அநியாயத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பெயர் விஷயம் பெரியது. உண்மையில் ரிப்பிங்கைவிட இதுதான் நேரத்தைத் தின்னும். சிடியைப் போட்டதும் பாட்டுப் பெயர்களை அனுப்பிக்கொண்டிருந்த ஃப்ரீடிபி சேவை 2020-ல் மூடப்பட்டது. இப்போது பலரும் மியூசிக்பிரெயின்ஸைத்தான் பார்க்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் நம் சிடிகளுக்கு வரும் தகவல் யாரோ ஒரு ரசிகர் தட்டச்சு செய்தது. ஒரு சிடியில் 'தோடி', அடுத்ததில் 'தொடி', இன்னொன்றில் ராகத்தின் பெயரே இருக்காது. பாடகரின் பெயர் நான்கு விதமாக வந்து, அவரே நான்கு பேராகப் பட்டியலில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே முதல் சிடியைப் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: ராகங்கள், வாக்கேயக்காரர்கள், வித்வான்கள், ஒவ்வொருவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். 'கம்போசர்' இடத்தில் தியாகராஜரோ தீட்சிதரோ வரட்டும், 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் பாடியவர். ஃபிளாக்கில் ஒரு பெரிய வசதி, நீங்களாகவே புதுப் புலங்களை (தகவல் எழுதும் இடங்களை) உண்டாக்கலாம். ராகம், தாளம், வயலின், மிருதங்கம் என்று வேண்டியதைச் சேருங்கள். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகச் செய்துவிடலாம்; பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஃபிளாக்கையும் அது கையாளும். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ராகவாரியாக அடுக்கிக்கொண்டு, ஒரு மாலை முழுக்கக் கல்யாணியாகவே கேட்கலாம். போன் செயலிகள் பலவற்றுக்கு இந்தப் புதுப் புலங்கள் தெரியாது. அதனால் பாட்டுத் தலைப்பின் கடைசியிலும் ராகத்தைச் சேர்த்துவைப்பது நல்லது.

சினிமாப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தை நிரப்பாமல் விடாதீர்கள். அங்கே இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டும். விட்டால் ஆறு பாட்டுப் படம், பாடகர்வாரியாக ஆறு ஆல்பமாகச் சிதறிவிடும். தமிழிலா ஆங்கிலத்திலா என்றால், டேகில் (கோப்புக்குள் பதியும் பெயர் விவரங்களில்) தாராளமாகத் தமிழ் எழுதுங்கள். கோப்புப் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். பல கார் ஸ்டீரியோக்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

வாஷியிலிருந்து: 150 பாட்டு அடங்கிய பழைய எம்பி3 டிஸ்க்குகளை ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது, இடம்தான் போகும். அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள்.

முலுண்டிலிருந்து: இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்கி ரெய்டு (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி) போடலாம் என்று யோசனை. அதற்குப் பிறகு பேக்கப் தேவையில்லைதானே?

தேவை. ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் பாட்டு நிற்காமல் ஓட வழி செய்யும், அவ்வளவுதான். தப்பாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். நாஸ் பெட்டியே திருடுபோனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வீட்டில் ஒரே ஆள் கேட்பது என்றால் நாஸ் வாங்கச் சொல்லமாட்டேன். இரண்டு யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் போதும், ஒன்று வீட்டில், மற்றொன்று வேறிடத்தில். 2005 ஜூலை 26 மழையை நினைத்துப் பாருங்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. தரைத்தள வீட்டு அலமாரியில் இரண்டு டிஸ்க்கையும் அடுத்தடுத்து வைத்தால் அது ஒரு பிரதிக்குச் சமம். ஊருக்குப் போகும்போது ஒன்றை அங்கே அண்ணன் வீட்டில் கொடுத்துவைத்து, அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த டிஸ்க் எஸ்எஸ்டியாக வேண்டாம். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடப்பதற்கு அது தோதுப்படாது. திரும்பி வந்த டிஸ்க்கை ஃபூபாரில் 'வெரிஃபை இன்டெக்ரிட்டி' கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் பாட்டின் கைரேகை பதிந்திருக்கும், கெட்டுப்போயிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் நாலு பேர் நாலு போனில் கேட்பார்கள் என்றால், சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் நாவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளைப் போடுங்கள், இலவசம். அதுவும் போதாவிட்டால் நாஸ் பற்றிப் பேசலாம்.

சயானிலிருந்து: சில சிடிகளில் மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்துவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் ஒரே பாட்டின் தகவலை வரிசையாக அடித்துவிடும். காய்ந்ததும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினது போல வெளிச்சம் தெரிந்தால் உள்ளிருக்கும் உலோகப் பூச்சே போய்விட்டது. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட சிடிகளை வரிசையில் முதலில் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

நேருலிலிருந்து: எல்லாவற்றையும் ஃபிளாக்கில் வைத்துவிட்டேன். ஐபோனின் மியூசிக் செயலி ஏற்க மறுக்கிறது.

ஆப்பிளின் மியூசிக் செயலி ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது. அதன் சொந்த வடிவமான அலாக்குக்கு மாற்றுங்கள். அதுவும் தரம் குறையாத வகைதான், 2011-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஃபூபாரிலோ எக்ஸ்எல்டியிலோ மொத்த ஃபோல்டரையும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். பழைய ஃபிளாக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள்.