மலையகக் குளிரில் வீட்டுப் பாவனைக்கு எந்த இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் வாங்கலாம்?

கேள்வி: நுவரெலியா பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளையும் வயதான மாமியாரும் வீட்டில் இருக்கிறார்கள். தொடாமல் காய்ச்சல் பார்க்கும் மெஷின் மலிவாக எது நல்லது? அதை நெற்றிக்கு நேரே பிடித்தால் பிள்ளையின் மூளைக்குக் கெடுதி என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்:

மாமியாரின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்த மெஷின் பிள்ளையின் தலைக்குள் எதையும் அனுப்புவதில்லை. ரொட்டிக் கல்லைத் தொடாமல் கையை மேலே காட்டினாலே சூடு தெரிகிறதல்லவா, அந்த மாதிரி நம் உடம்பிலிருந்தும் எந்நேரமும் வெப்பக் கதிர் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிருக்குத்தான் இன்ஃப்ராரெட் என்று பெயர். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800இல் அதைக் கண்டுபிடித்தார். மெஷினின் முனையில் உள்ள சின்ன சென்சர் நெற்றியிலிருந்து வருவதை வாங்கி டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைக்கும் பயமில்லாமல் பிடிக்கலாம். சிவப்புப் புள்ளி அடிக்கும் வகை மட்டும் வேறு. அந்தப் புள்ளி லேசர். அதைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. அந்த வகை காய்ச்சல் பார்க்க ஆகாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் பல வருஷமாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை கவுன்டரில் அடிக்கடி கேட்கிறார்கள். கொழும்பில் இருப்பவருக்குச் சொல்லும் பதிலை நமக்கும் சொன்னால் சரிவராது. நம் ஊரில் இந்த மெஷினுக்கு முதல் எதிரி குளிர்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இயங்கும் வெப்பநிலை என்று ஒரு வரி இருக்கும். சுற்றியுள்ள காற்று எத்தனை டிகிரிக்குள் இருந்தால் மெஷின் சரியாக வேலை செய்யும் என்று கம்பெனிக்காரர் கொடுக்கும் வாக்கு அது. மலிவான பல மெஷின்களில் 15 அல்லது 16 டிகிரி செல்சியஸிலிருந்து 35 அல்லது 40 வரை என்று போட்டிருப்பார்கள். கொழும்பில் அது போதும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலோ வருஷம் முழுதும் சேர்த்த சராசரியே 16 டிகிரி அளவுதான். தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி பிடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தகரக் கூரை போட்ட லயக் காம்பராவில், அடுப்பு அணைந்த பிறகு, விடியற்காலை மூன்று மணிக்கு 16 டிகிரி எங்கே இருக்கப் போகிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த நேரத்திலும் பார்க்க வேண்டி வரும். அந்தக் குளிரில் சில மெஷின் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். அது பரவாயில்லை. சில மெஷின் எதுவும் நடக்காதது மாதிரி ஒரு தப்பான எண்ணைக் காட்டும், அதுதான் ஆபத்து.

ஆகவே என் முதல் பதில், 10 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை இயங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்குங்கள். அப்படி இருக்கின்றன, தேடிக் கேட்டால் கிடைக்கும். மூன்று நிறத்தில் எரியும் விளக்கு, முப்பது ரீடிங்கை ஞாபகம் வைப்பது, போனோடு இணைவது என்று எத்தனை வசதி இருந்தாலும், இந்த ஒரு வரி சரியில்லை என்றால் மலையகத்துக்கு வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனியா, பெயர் தெரியாததா என்பதைக் கூட நான் இதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

அடுத்து, மெஷின் மனிதருக்கா சாமானுக்கா என்று பாருங்கள். தேயிலை ஃபெக்டரியில் டிரையர் சூடு பார்க்கவும், மெக்கானிக் கராஜிலும் துப்பாக்கி மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். சிவப்புப் புள்ளி அடிப்பது அதுதான். மைனஸ் 50இலிருந்து 380 டிகிரி வரை அளக்கும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதன் பிழை ஒன்றரை, இரண்டு டிகிரி இருக்கும். இரண்டு டிகிரி பிழை என்றால் 37 என்று காட்டும் பிள்ளைக்கு உண்மையில் 39 இருக்கலாம். கொதிக்கும் எண்ணெய்க்கு அது போதும், காய்ச்சலுக்குப் போதாது. மனிதருக்கான மெஷினில் 32இலிருந்து 42.9 போல ஒரு சின்ன எல்லைதான் இருக்கும். பிழை கூடக்குறைய 0.2 டிகிரி என்று எழுதியிருக்கும். 0.2 என்ற அந்த எண் இல்லாத பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

சரி, மெஷின் நல்லது என்றே வைப்போம். குளிர் இன்னொரு பக்கத்தாலும் வரும். இது நெற்றித் தோலின் சூட்டைத்தான் பார்க்கிறது, உடம்புக்குள் இருக்கும் சூட்டை அதிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. தோல் குளிர்ந்திருந்தால் கணக்கும் குறையும். 2020இல் கொரோனா நேரம் கடை வாசலிலும் பேங்க் வாசலிலும் மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தார்களே, காலைப் பனியில் நடந்து வந்தவர்களுக்கு அது 32, 33 என்று காட்டியது. நடந்து வந்து சாதாரணமாக நிற்கும் ஆளின் உடம்புக்குள் சூடு அவ்வளவு குறைவாக இருக்காது. பனியில் விறைத்த தோலைத்தான் அது படித்தது. அப்படிப் பார்த்தால் காய்ச்சல்காரரும் உள்ளே போய்விடுவார்.

அதனால் வீட்டில் பார்க்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். வெளியிலிருந்து வந்த பிள்ளையை அரை மணி நேரம் உள்ளே இருக்க விடுங்கள். மெஷினும் அதே அறையில் அரை மணி நேரம் இருக்க வேண்டும். குளிர்ந்த அலுமாரியிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் எண் தாறுமாறாக வரும். கம்பளிக் குல்லாவைக் கழற்றியதும் உடனே பார்க்க வேண்டாம், குல்லாவுக்குள் நெற்றி சூடாகி இருக்கும். அடுப்படியில் தீக்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டும் பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. தடிமன் என்றால் நெற்றியில் சித்தாலேப தைலம் தடவுவோம், காய்ச்சல் என்றால் திருநீறு பூசுவோம், ஈரத்துணி போடுவோம். மெஷினுக்கு இவையெல்லாம் தோலுக்கு மேல் போட்ட திரை. வியர்வையும் அப்படித்தான், அது காயும்போது நெற்றியைக் குளிரவைக்கும். மென்மையாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு புருவத்துக்கும் நடுவே சற்று மேலே, பெட்டியில் சொன்ன தூரத்தில் பிடியுங்கள். பெரும்பாலும் 1 முதல் 5 சென்ரிமீற்றர்தான். எட்ட நின்று பிடித்தால் நெற்றியோடு பக்கத்துக் குளிர்ந்த சுவரையும் சேர்த்துப் படிக்கும்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுவருபவர்களில் நிறையப் பேரின் மெஷினில் பழுதே இருக்காது. இந்த மெஷினில் இரண்டு முறை உண்டு, ஒன்று உடம்புக்கு, மற்றது பொருளுக்கு. பால் போத்தல், குளிக்கும் தண்ணீர் இவற்றுக்குப் பொருள் முறை. பட்டன் தெரியாமல் அமுங்கி பொருள் முறைக்குப் போய்விட்டால், நெற்றியில் 33, 34 என்று தோலின் வெறும் சூட்டைக் காட்டும். "அக்கா, இது சரியில்லை, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, இது முப்பத்திநாலுன்னு சொல்லுது" என்று பதறிக்கொண்டு வருவார்கள். திரையில் மனித உருவமோ தலையோ தெரிந்தால் உடம்பு முறை, வீடோ போத்தலோ தெரிந்தால் பொருள் முறை. வாங்கும் அன்றே கடைக்காரரிடம் மாற்றிக் காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். செல்சியஸ், ஃபரன்ஹைட் மாற்றும் இடத்தையும் கேளுங்கள். பெரியவர்கள் இன்னும் "நூத்திரண்டு காய்ச்சல்" என்றுதான் பேசுவார்கள், ஆஸ்பத்திரியில் செல்சியஸில் கேட்பார்கள். 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். வெயிலிலோ மழையிலோ நடந்து வந்த உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் உள்ளே நின்றுவிட்டு உங்கள் நெற்றியில் விட்டு விட்டு மூன்று முறை. மூன்றும் 0.2, 0.3க்குள் ஒட்டி நின்றால் நல்லது. ஒரு முறை 36.1, அடுத்தது 37.2 என்று குதித்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள். பொருள் முறை பூச்சியத்திலிருந்து அளக்கும் என்றால் வீட்டில் இன்னொரு சோதனை செய்யலாம். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, மேலே பிடித்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரை வைத்துச் சோதிக்க வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், 100 வராது. ஆவியும் லென்ஸை மூடிவிடும்.

விலைக்கு வருவோம். கடைக்குக் கடை மாறுகிறது, அதனால் தொகை சொல்லவில்லை. ஆனால் நெற்றி மெஷின் சில ஆயிரம், வாயில் அல்லது அக்குளில் வைக்கும் டிஜிட்டல் குச்சி சில நூறு என்ற வித்தியாசம் இருக்கும். தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் நெற்றி மெஷின் பல நாள் சம்பளம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பாமசியில் நிற்பவளாக இருந்தும் சொல்கிறேன், குச்சியை வாங்குங்கள். உடம்போடு ஒட்டி இருப்பதால் குளிரும் காற்றும் அதை அவ்வளவாக ஏமாற்றாது. அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதை விட அரை டிகிரி போலக் குறைவாகக் காட்டும், அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். பாதரசக் கண்ணாடி மீட்டரைத் தேடிப் போகாதீர்கள். உடைந்தால் பிள்ளை தவழும் தரையில் பாதரசம் உருளும். பாதரசப் பாவனையைக் குறைக்க உலக நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கையே 2020ஐ எல்லையாக வைத்து அதை ஒதுக்கச் சொன்னது.

பிறகு நெற்றி மெஷின் எதற்கு? தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் இரவில் இரண்டு மூன்று முறை பார்ப்பதற்கு. ஒன்றரை வயதுப் பிள்ளை அக்குளில் குச்சியோடு அசையாமல் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் நெற்றியில் பார்த்து, சந்தேகம் வந்தால் குச்சியில் உறுதி செய்துகொள்ளலாம். இன்னொரு நல்ல பழக்கம், எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் அதே மெஷினில் பார்த்து எழுதிவையுங்கள். உங்கள் வீட்டுக் குளிரில் உங்கள் பிள்ளைக்கு 36.3தான் சாதாரணம் என்று தெரிந்தால், 37.6 வரும்போது நீங்களே உஷாராகிவிடுவீர்கள்.

காதில் வைக்கும் வகையையும் சிலர் கேட்கிறார்கள். காதுக்குள் குளிர் அவ்வளவு போகாததால் நம் ஊருக்கு அது நெற்றியை விடத் தோது. ஆனால் பல வகைகளில் முனைக்குப் போடும் உறையைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குச் சரிவராது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் குறைவாகக் காட்டும். கையில் பணம் இருந்தால் யோசிக்கலாம்.

பட்டரி பற்றி ஒரு வார்த்தை. கூட வரும் மலிவுப் பட்டரியை நம்பாமல் நல்ல அல்கலைன் பட்டரி போடுங்கள். சோர்ந்த பட்டரி குளிரில் இன்னும் சோர்ந்துபோகும். பாவிக்காத மாதங்களில் கழற்றி வையுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் அது கசிந்து உள்ளே பச்சை பிடித்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். லென்ஸைச் சேலை முந்தானையால் துடைக்காமல், பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்துக் காயவிடுங்கள். பில்லையும் பெட்டியையும் எறியாதீர்கள், மாற்றித் தர இரண்டையும் கேட்பார்கள்.

இனி, எண் கையில் வந்த பிறகு. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 காட்டினால் வேறு எதையும் பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். உங்கள் பிள்ளை அதைவிடப் பெரியது என்றாலும் வலிப்பு, மூச்சு வாங்குதல், பால் தண்ணீர் குடிக்காமை, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு இருந்தால் மெஷினில் 37 இருந்தாலும் போக வேண்டும். டெங்கு நம் குளிரில் குறைவு என்று சும்மா இருக்க முடியாது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது காய்ச்சலோடு வருவதுண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். மெஷின் 37க்கு வந்துவிட்டது, சுகமாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் உள்ளே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் டாக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும், இபுபுரோஃபனும் அஸ்பிரினும் வேண்டாம். வயிற்று வலி, விடாத வாந்தி, எங்காவது இரத்தம் கசிதல், கைகால் சில்லிடுதல் தெரிந்தால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் நேரம், டிகிரி, மருந்து கொடுத்த நேரம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம் எல்லாவற்றையும் எழுதி, அந்தக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.