பனிக்காலத்தில் சிம்லா, மணாலி: இருவராகப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நானும் என் கணவரும் குளிர்காலத்தில் இமாச்சலப் பிரதேசம் போய்வரத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பனி பார்த்துத் திரும்பியதும் உண்டு, வழி அடைபட்டு அறையிலேயே இரண்டு நாள் இருந்ததும் உண்டு. அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கல்யாணமாகி முதல் பயணம். டிசம்பர் கடைசி வாரம் சிம்லா போகிறோம். பனி விழுவதைக் கட்டாயம் பார்க்க முடியுமா?

கட்டாயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றோட்டம். அது வந்தால் இரண்டு மூன்று நாள் கொட்டும். வராவிட்டால் பத்து நாளானாலும் நீலவானமும் வறண்ட குளிரும்தான். டிசம்பர் கடைசியில் சிம்லா நகருக்குள் பனியே இல்லாத ஆண்டுகள் நிறைய. ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை வாய்ப்பு கூடுதல், புத்தாண்டுக் கூட்டமும் இருக்காது.

தேதியை மாற்ற முடியாதென்றால் உயரத்தை மாற்றுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். சிம்லா சுமார் 2,200 மீட்டர், சிம்லாவைத் தாண்டி மேலே உள்ள நார்கண்டா சுமார் 2,700. இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தில்தான் சிம்லாவில் மழையாக விழுவது நார்கண்டாவில் பனியாக விழுகிறது. ஒரு இரவை அங்கே வையுங்கள்.

கேள்வி: ஆறு நாளில் சிம்லா, குஃப்ரி, மணாலி, தர்மசாலா, டல்ஹௌசி என்று ஒரு பேக்கேஜ் தருகிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. சிம்லாவிலிருந்து மணாலி சுமார் 250 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலையில் அது ஒரு முழுப் பகல். டிசம்பரில் ஐந்தரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். இந்தத் திட்டத்தில் நீங்கள் பார்க்கப்போவது முன்சீட்டின் முதுகைத்தான்.

ஆறு நாளுக்கு இரண்டே ஊர் போதும். சிம்லாவில் இரண்டு இரவு, மணாலியில் மூன்று இரவு. அதில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். சாலை அடைபட்டால் அந்த நாள் உங்களைக் காப்பாற்றும். அடைபடாவிட்டால் வெயிலில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம். எங்கள் பயணங்களில் இன்றைக்கும் நினைவில் நிற்பவை பெரும்பாலும் அந்தக் காலி நாட்கள்தான்.

கேள்வி: கால்காவிலிருந்து சிம்லா போகும் பொம்மை ரயிலில் குளிர்காலத்தில் போகலாமா? ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். காரிலேயே போய்விடலாமா?

ரயிலில் போங்கள். 1903-இல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், தண்டவாள அகலம் வெறும் 762 மில்லிமீட்டர். 102 சுரங்கங்கள், எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கனோ அருகே நான்கு அடுக்கு வளைவுகளாகக் கட்டிய கல்பாலம் ஒன்று வரும், தூங்கிவிடாதீர்கள். பரோக் சுரங்கம்தான் இந்தப் பாதையிலேயே நீளமானது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல். இருட்டில் அவ்வளவு நேரம் போய் வெளிச்சத்துக்கு வரும்போது எங்கள் பெட்டியில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. தமிழில் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் இந்தப் பயணத்தைக் கெடுப்பது மலைமேல் விழும் பனியைவிட, கீழே சமவெளியில் இறங்கும் மூடுபனிதான். டிசம்பர், ஜனவரியில் டெல்லி, சண்டிகர் பக்கம் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். அதே நாள் காலையில் கால்கா வந்து இணைப்பு ரயிலைப் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். முதல்நாள் இரவே கால்காவிலோ சண்டிகரிலோ தங்கிவிடுங்கள்.

கேள்வி: மேடம், என் வயது 58. சேலை தவிர வேறு உடுத்தியதில்லை. அந்தக் குளிருக்குத் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும் அம்மா. குளிரைத் தடுப்பது துணியின் கனமல்ல, அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்று. உள்பாவாடைக்குள் உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே முழுக்கை கம்பளி ரவிக்கை அல்லது ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத கோட்டு. சேலையை வழக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசுவத்தின் ஓரம் பனியில் நனைந்து கணுக்காலெல்லாம் ஈரமாகிவிடும். மணாலிக்கு மேலே உள்ள சோலாங் பள்ளத்தாக்கில் பனிக்குள் இறங்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும், போகும் வழியில் வாடகைக்குக் கிடைக்கும் முழு உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை பூட்ஸுக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்ஸ் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். உடம்பைத் தொடும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக நிற்கும். சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டு ஷூவுக்குள் காலைத் திணிக்காதீர்கள், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, விரல் அசைய இடம் உள்ள ஷூ, பையில் மாற்றுச் சாக்ஸ். இது போதும்.

கேள்வி: அறையில் ஹீட்டர் இல்லை, நிலக்கரி அடுப்பு தருவோம் என்று விடுதியில் சொல்கிறார்கள். பரவாயில்லையா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

அங்கீட்டி என்று சொல்லும் அந்தக் கரி அடுப்பை மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. மலையேறி வந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தி வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. எங்களுக்கும் ஒருமுறை ஒரு சிறிய தங்குமிடத்தில் இப்படி ஒரு அடுப்பைக் கொடுத்தார்கள். நடு இரவில் என் கணவர் தண்ணீர் குடிக்க எழுந்தவர் தள்ளாடினார், எனக்கும் தலை பிளந்தது. ஜன்னலைத் திறந்து இருவரும் வெளித் திண்ணையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். அவருக்குத் தாகம் எடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

மின்சார ஹீட்டர் அல்லது மின்கம்பளம் உள்ள அறையைத்தான் எடுங்கள். மின்கம்பளத்தைப் படுக்கும் முன் போட்டு, தூங்கும்போது அணைத்துவிடுங்கள். பனி கொட்டினால் மின்சாரம் போகும் என்பதால் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றையும் எடுத்துப் போங்கள். குளியலறையில் கேஸ் கெய்சர் இருந்தால் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: டெல்லியில் கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். மலைப்பாதை பழக்கம் உண்டு.

மலைப் பழக்கம் வேறு, பனிப் பழக்கம் வேறு. வெயில் படாத வளைவுகளில், பகலில் உருகிய தண்ணீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். பார்க்க வெறும் ஈரச்சாலை மாதிரிதான் தெரியும். அதில் பிரேக்கை அழுத்தினால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. மணாலி வரை ஓட்டிவாருங்கள், பனி விழுந்த நாளில் மட்டும் உள்ளூர் ஓட்டுநரோடு போங்கள். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் உயரத்தில் வண்டி எடுக்காதீர்கள்.

சிம்லாவிலிருந்து குலு போக வரைபடச் செயலி ஜலோரி கணவாய் வழியைக் காட்டலாம். 3,100 மீட்டருக்கு மேலான அந்த வழி குளிர்காலத்தில் வேண்டாம். மண்டி வழியாகவே போங்கள்.

பனியில் மாட்டிக்கொண்டால் எஞ்சினை ஓடவிட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனியில் சிக்கிய வண்டிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் அந்தப் புகை உள்ளேதான் வரும்.

கேள்வி: ரோத்தாங் கணவாய் திறந்திருக்குமா?

இருக்காது. 3,978 மீட்டரில் உள்ள கணவாய் அது, குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். அதற்குப் பதில் அடல் சுரங்கம் இருக்கிறது. 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபர் 3 அன்று திறந்தார்கள். அதற்கு முன் குளிர்காலத்தில் மலைக்கு அப்பால் உள்ள லாஹௌல் பகுதி மக்கள் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பில்லாமல் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அதற்குள் போங்கள். மறுபக்கம் வெளியே வந்தால் மரமே குறைந்த வெள்ளைப் பள்ளத்தாக்கு, ஓரங்கள் உறைந்த சந்திரா ஆறு, சிசு கிராமம். புதுப்பனி விழுந்தால் போலீஸ் சோலாங்குக்கு முன்பே நிறுத்தி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை மட்டும் விடுவார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள். சிசுவில் மதியமே முடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. போகலாமா?

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் கூடும், அந்த நிலையில் மேடு ஏறுவது இதயத்துக்குச் சுமை. அவர் சரி என்றால் சிம்லா மட்டும் போங்கள், நாலு இரவு நிதானமாக. மால் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள், ஆனால் கீழே கார்ட் ரோட்டிலிருந்து லிஃப்ட் இருக்கிறது. ஜாக்கு கோயிலுக்கு ரோப்வே உண்டு. 1888-இல் கட்டி முடித்த வைஸ்ராய் மாளிகையைப் பாருங்கள், இப்போது உயர் ஆய்வு நிறுவனமாக இருக்கிறது. திங்கள் விடுமுறை. காலையில் ரிட்ஜ் மைதானத்தில் தரை வழுக்கும், வெயில் ஏறிய பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடங்கள்.

கேள்வி: என் மனைவிக்குச் சீக்கிரம் குளிரும், ஆனால் என் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்து அதை வெளியே சொல்லமாட்டாள்.

இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குளிர் உடம்புக்குள் இறங்கும்போது அது அவரவருக்குத் தெரிவதைவிடப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். நடுங்குகிறாரா, ஜிப்பைப் போட விரல் தடுமாறுகிறதா, பேச்சு குழறுகிறதா, திடீரென்று எதிலும் ஆர்வமில்லாமல் அமைதியாகிவிட்டாரா என்று பாருங்கள். இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே உள்ளே அழைத்துப் போய், ஈரத்துணியை மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்று மயக்கம் போல் இருந்தால் அது ஆபத்து, நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் விரலை ஒருவர் தொட்டுப் பார்ப்போம். யாருக்காவது சில்லென்றிருந்தால் கேள்வியே இல்லாமல் இருவரும் திரும்பிவிடுவோம். அவர் வாயால் சொல்ல வேண்டிய சங்கடமே வராது.

கேள்வி: பனியில் விளையாடுவதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

மணாலிக்குப் பக்கத்தில் உள்ள நக்கர் போங்கள். மரச்சட்டமும் கல்லும் மாறி மாறி அடுக்கிக் கட்டிய பழைய கோட்டை, அதன் முற்றத்திலிருந்து குலு பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் கடைசிக் காலம் வரை வாழ்ந்த வீடு பக்கத்தில்தான். அவர் தீட்டிய மலைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே நீலம் எதிரில் நிற்கும். மணாலியில் 1553-இல் கட்டிய ஹடிம்பா கோயில், தேவதாரு மரங்களுக்கு நடுவே. கூட்டம் வருமுன் காலையில் போனால் கிளையிலிருந்து பனி உதிர்வது காதில் கேட்கும்.

கேள்வி: போன், கேமரா?

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியே ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி இருவருக்கும் கட்டாயம். புதுப்பனி வெயிலை அப்படியே திருப்பி அடிக்கும், மாலையில் கண் எரிந்து நீர் வடியும்.

கேள்வி: திரும்பும் விமானம் சண்டிகரிலிருந்து காலை 11 மணிக்கு. மணாலியிலிருந்து முதல்நாள் இரவுப் பேருந்தில் ஏறினால் போதுமா?

போதாது. ஒரு இடத்தில் பாறை சரிந்தால்கூட விமானம் போய்விடும். முதல்நாள் காலையிலேயே மணாலியை விட்டுக் கிளம்பி, பகல் வெளிச்சத்தில் இறங்கி, இரவு சண்டிகரில் தூங்குங்கள். சோலாங்கில் இன்னொரு பாதி நாள் கிடைக்கும் என்று ஆசைகாட்டுவார்கள், அந்தப் பாதி நாளை விட்டுவிடுங்கள்.