பழைய பொடி, பிந்திய சேசி: வீட்டு முற்றத்தில் செய்வோருக்கான கேள்வி பதில்

பழைய ஜீப், லேண்ட் ரோவர், கார் பொடிகளை (வண்டியின் மேற்கூடு) கழற்றி, பிந்திய காலத்துச் சேசியில் (அடிச்சட்டம்) ஏற்றுவது பற்றி மட்டும் கேளுங்கள். பெயின்ட், பாட்டு செட், அலாய் வீல் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவேன். கேட்பவர் பெயருக்குப் பதில் அவர் ஊரைப் போட்டிருக்கிறேன்.

ஹட்டன்: அண்ணே, வில்லிஸ் ஜீப் ஒன்னு கெடக்கு. பொடி நல்லா இருக்கு, சேசிய துரு தின்னுருச்சு. எந்தச் சேசி பொருந்தும்?

முதலில் பார்க்க வேண்டியது வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம். வில்லிஸ் 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. சுசூகி எஸ்.ஜே. 410, 413 குட்டை ஜீப்புகள் 2030 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ. என்பதால் சில்லு மட்காட் வளைவின் நடுவில் தானாக வந்து நிற்கும். 410 அகலம் குறைந்தது, சில்லு உள்ளே ஒடுங்கிப் போகும். 413 பக்கத்துக்கு இரண்டு விரல் வெளியே வரும். 413ஐ எடுங்கள். முன் டிஸ்க் பிரேக்கும் ஐந்து கியரும் கூடவே வருகிறது.

பொடியைத் தூக்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறி வையுங்கள்: முன் அச்சிலிருந்து ஃபயர்வோல் (இஞ்சினுக்கும் ஆள் இருக்கும் பக்கத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு), கிரில், பின் தகடு மூன்றுக்கும் தூரம், தரையிலிருந்து உயரம். இந்த நாலு அளவும் இல்லாமல் போல்டைக் கழற்றினால் பிறகு எல்லாமே குத்துமதிப்புதான். அடுத்து, 25 மி.மீ. சதுரக் குழாயைப் பொடிக்குள் குறுக்கே எக்ஸ் வடிவில் வைத்துப் பற்றவையுங்கள். தொட்டி மாதிரித் திறந்த பொடி. தூக்கும்போது முறுகிவிட்டால் எந்தத் துளையும் நேருக்கு வராது.

சுசூகிச் சேசியை வெறுமையாக்கி, மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் என்றால் அது எங்கேயோ இடிபட்ட சேசி, விட்டுவிடுங்கள். பொடி மவுண்ட் பிராக்கெட்டுகள் (பொடியைச் சேசியில் தாங்கும் பிடிகள்) இடம் சேராது, புதிதாகச் செய்ய வேண்டும். 4 மி.மீ. தகட்டில் பெட்டி மாதிரி மடித்து, சேசித் தண்டின் பக்கச் சுவரில் பிடியுங்கள். தண்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே வெல்டிங் ஓடக்கூடாது, வளையும்போது இழுப்பும் அமுக்கமும் அங்கேதான் அதிகம். எட்டு மவுண்ட், ஒவ்வொன்றுக்கும் ரப்பர், ரப்பருக்குள் இரும்புக் குழாய், 8.8 தர எம்10 போல்ட். குழாய் வைக்காவிட்டால் இறுக்க இறுக்க ரப்பர் நசுங்குமே தவிர போல்ட் இறுகாது.

இஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங், பெடல் எல்லாம் உட்கார்ந்து பார்க்கும்வரை பிராக்கெட்டுக்குப் பொட்டு வெல்டிங் மட்டும். பேர்பாதி பேர் முதல் நாளே முழுசாகப் பற்றவைத்துவிட்டு, கடைசியில் ரேடியேட்டர் கிரிலுக்கு இடிக்கிறது என்று கிரைண்டரைத் தூக்குகிறார்கள்.

பதுளை: மொறிஸ் மைனர் பொடிய வேகன் ஆர் மேல வைக்கலாமா சேர்?

முடியாது. வேகன் ஆருக்குத் தனிச் சேசி கிடையாது. தளம், தூண், கூரை எல்லாம் ஒரே கூடு. மொறிஸ் மைனர் காரும் அப்படித்தான் (அதன் வேனுக்கும் பிக்கப்புக்கும் மட்டும் தனிச் சேசி உண்டு). கூட்டை அறுத்துக் கூட்டின்மேல் வைத்தால் இரண்டுமே பலம் இழக்கும். மைனருக்கு டிஸ்க் பிரேக், நல்ல இஞ்சின் என்று பாகம் பாகமாக மாற்றுங்கள்.

நுவரெலியா: வில்லிசுக்கு சுசூகி பிரேக் பூஸ்டர் போட்டாச்சு. கொழும்புல ஓட்டினப்ப நல்லா பிடிச்சுது, இங்க பெடல் கல்லு மாதிரி இருக்கு. பூஸ்டர் பழுதா?

மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்வது வெளிக் காற்றழுத்தத்துக்கும் இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். ஆயிரம் அடி ஏறினால் வெற்றிட மானியில் ஏறக்குறைய ஓர் அங்குலம் (பாதரச அளவு) குறையும். நுவரெலியா 6000 அடிக்கு மேல். கீழே 18 காட்டிய இஞ்சின் அங்கே 12 காட்டினால் அது பழுதில்லை, மலை. மானி வைத்துப் பாருங்கள். 12க்கும் கீழே என்றால் குழாயில் கசிவு, இல்லையென்றால் திசைவால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) பழுது.

பூஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், பெடல் விகிதத்தை, அதாவது மிதிக்கும் பலத்தைப் பெடல் எத்தனை மடங்காக நெம்பித் தருகிறது என்பதைக் கேளுங்கள். பூஸ்டர் பெடல் பொதுவாக 4க்கு 1. பூஸ்டர் இல்லாததற்கு 6க்கு 1 வேண்டும். இன்னொன்று, வில்லிஸ் ஃபயர்வோல் மெல்லிய தகடு. பூஸ்டரை நேரே அதில் பூட்டினால் மிதிக்கும்போது தகடே முன்னுக்குப் போகும். பின்னால் 3 மி.மீ. தகடு கொடுத்து, அதை டேஷ் வரை தாங்குங்கள்.

பண்டாரவளை: பீட்டில் பொடிய அல்டோவில?

முடியாது. அல்டோவும் ஒரே கூடு, பதுளைக்குச் சொன்னதைப் பாருங்கள். பீட்டிலுக்குத் தளச்சேசி தனியாகவே இருக்கிறது. துருப்பிடித்த தளத்தை இரண்டு பாதியாக வெட்டிப் புதுத் தகடு போடலாம், அதுதான் வழி.

தலவாக்கலை: லேண்ட் ரோவர் சீரிஸ் 88, ஜிம்னி சேசி. சரியா வருமா?

வரும். 88 அங்குலம் 2235 மி.மீ., 1300 சி.சி. ஜிம்னி 2250. அந்த 15 மி.மீ.ஐ மவுண்டிலேயே பங்கிட்டுவிடலாம். 660 சி.சி. ஜிம்னியை எடுக்காதீர்கள், அகலமும் போதாது, ஏற்றத்தில் இழுவையும் போதாது. பொடியின் உயிர் இரும்பு ஃபயர்வோல். அதன் இரண்டு காலுக்கும் ஜிம்னியில் தாங்கி கிடையாது, அவற்றை முதலில் செய்து, கதவு இடைவெளியை அதிலிருந்து எடுங்கள். பொடித் தகடு அலுமினியக் கலவை. இரும்பு பிராக்கெட்டில் நேரே தொட்டால் நம் மழைக்கும் பனிக்கும் வெள்ளைத் தூளாக உதிரும். இடையே ரப்பர் அல்லது நைலோன் கட்டாயம். துருவுக்குப் பழைய இஞ்சின் ஓயில் பூசுவோர் மவுண்ட் ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஊதிப் பிய்ந்துவிடும்.

ஜிம்னியின் வயரை வெட்டாமல் முழுசாகக் கழற்றுங்கள். சாவி, ஈ.சி.யூ. (இஞ்சின் கணினி), இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். முடிந்தபின் நிறுவைப் பாலத்தில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியே எடை பார்த்து, ஜிம்னியின் அனுமதி எடையோடு ஒப்பிடுங்கள்.

புசல்லாவ: ஸ்டியரிங் தண்டு 4 அங்குலம் கட்டையா இருக்கு. நடுவுல குழாய் வச்சு வெல்ட் பண்ணிட்டா போதுமா?

போதாது. வீட்டு வெல்டிங் ஸ்டியரிங் தண்டில் வேண்டவே வேண்டாம். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு நொறுங்கும் குணத்துக்கு மாறி, வெளியே எதுவும் தெரியாமல் விரிசல் ஓடும். ரம்பொடை வளைவில் தெரியவந்தால் பயன் இல்லை. பற்கள் வெட்டி போல்டால் இறுக்கும் ஜொயின்ட்டும் நீளமான இடைத்தண்டும் தேடுங்கள். ஒரு ஜொயின்ட் 30 பாகைக்கு மேல் மடியக்கூடாது. இடைத்தண்டின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பும்போது ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் வழுக்கும். மூன்றாவது ஜொயின்ட் வந்தால் நடுவில் பெயரிங் தாங்கி.

மஸ்கெலியா: விட்ஸ் கார்ல?

இல்லை.

கம்பளை: லேண்ட் ரோவர் 109 பொடிக்கு ஹைலக்ஸ் வீகோ டபுள் கெப் சேசிய வெட்டிக் கட்டையாக்கலாமா?

109 அங்குலம் 2769 மி.மீ. வீகோ 3085. ஆக 316 மி.மீ. வெட்ட வேண்டும். செய்யாதீர்கள்.

ஹப்புத்தளை: இது என்ன கதை? லொறிச் சேசிய நீட்டுறாங்க, கட்டையாக்குறாங்க, அதுல மரக்கறி ஏத்தி தம்புள்ளைக்கும் போறாங்க. ஜீப்புக்கு மட்டும் ஏன் ஆகாது?

லொறிச் சேசி திறந்த 'ப' வடிவம். உள்பக்கமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். உள்ளே இன்னொரு 'ப' வைத்துப் போல்ட் போடலாம். வெட்டுவதும் கெப்புக்குப் பின்னால் நேராக, ஒரே பருமனில் ஓடும் இடத்தில். வீகோவின் தண்டு மூடிய பெட்டி. உள்ளே என்ன பற்றியது, என்ன பற்றவில்லை என்று யாருக்கும் தெரியாது.

மாத்தளை: நேர் வெட்டு வெட்டினாத்தான் பிரச்சினை. 45 பாகை சாய்வெட்டு, உள்ளே ஸ்லீவ் குழாய், துளை வெல்டிங், வெளியே கூர்முனைத் தகடு. இப்படிச் செஞ்சா ஒடையாது.

முறை சரி. தகட்டின் நுனியில் செங்குத்தாக வெல்டிங் நிறுத்தாதவரை சரி. ஆனால் இரண்டு பக்கத் தண்டையும் 316 மி.மீ. குறைத்து, நாலு முனையும் ஒரே தளத்தில் நிற்க ஜிக் (அசையாமல் அளவாகப் பிடித்து வைக்கும் சட்டம்) வேண்டும். முற்றத்தில் செங்கல் அடுக்கிச் செய்தால் ஒரு பக்கம் 5 மி.மீ. விலகும், பின் அச்சு கோணலாகி வண்டி நண்டு மாதிரி ஓடும். பின் அச்சைச் சுழற்றும் புரொப்பெலர் தண்டும் கட்டையாக்கி பெலன்ஸ் பண்ண வேண்டும்.

ஹப்புத்தளை: நல்ல வெல்டர் வச்சா வெல்டிங் விடாது.

வெல்டிங் விடாது, அதன் ஓரம்தான் விடும். நிறுவன ஜிக்கும் வெல்டரும் உள்ள கராஜில் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம். சேசி வெட்டும் பேச்சு இத்தோடு முடிந்தது. மாத்தளை, ஹப்புத்தளை இருவரும் தனியே பேசிக்கொள்ளுங்கள்.

நானுஓயா: 7018 வெல்டிங் கம்பியில பிராக்கெட் பிடிச்சா வெல்டிங் முழுக்க ஓட்டை ஓட்டையா வருது.

கம்பி ஈரம். உங்கள் ஊர் பனியில் பெட்டி ஒருமுறை திறந்தால் போதும். அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு எடுத்துப் பிடியுங்கள். ஈரக் கம்பி ஓட்டை மட்டுமல்ல, பிறகு விரிசலும் தரும்.

டிக்கோயா: ஜீப் பழைய ஸ்ரீ நம்பர். அந்தச் சேசி நம்பர வெட்டி சுசூகிச் சேசியில ஒட்டினா பதிவுப் புத்தகம் சரியாயிடும்தானே?

அது குற்றம். வண்டியே பறிபோகும். சேசி எண்தான் வாகனத்தின் அடையாளம், பொடி இல்லை. சுசூகிக்கும் வில்லிசுக்கும் இரண்டு புத்தகமும் கையில் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வேலை தொடங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுதி அனுமதி எடுங்கள், இன்சூரன்சுக்கும் மாற்றத்தை எழுத்தில் சொல்லுங்கள்.

லிந்துலை: வேகன் ஆர் சேசிய நீளமாக்கி...

பதுளை. மஸ்கெலியா. பண்டாரவளை. மேலே போய் வாசியுங்கள். ஸ்டியரிங் தண்டில் வெல்டிங் வைக்கும் யோசனை இருந்தால் புசல்லாவையும் சேர்த்து.

வெலிமடை: எல்லாம் முடிஞ்சுது. முதல் ஓட்டத்துல எதப் பாக்கணும்?

சமரோட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். பின்சில்லு முதலில் பூட்டினால் பின்பக்கம் இலேசாகிவிட்டது. சுமையறி வால்வின் (சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) இணைப்பைச் சரிசெய்யாமல் இறக்கத்துக்குப் போகாதீர்கள். பிறகு ரேடியேட்டர் மூடி: நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்குள்ளேயே கொதிக்கும், அழுத்தம் பிடிக்காத மூடி என்றால் ஏற்றத்தில் பொங்கும். 50 கி.மீ. ஓடியதும் மவுண்ட் போல்ட் எட்டையும் மறுபடி இறுக்குங்கள், ரப்பர் அமர்ந்திருக்கும். அலைன்மென்ட் அதற்குப் பிறகு, ஆள் உட்கார்ந்த எடையோடு.