விமான நிலையச் சோதனை: ஆள் பார்த்துப் பிரிக்கலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எண்பது வயதுப் பாட்டியைத் தடவிப் பார்ப்பது வீண் வேலைதானே சார்? ஆபத்தானவர்களை மட்டும் சோதித்தால் போதாதா?

பதில்: ஆபத்தானவர் எப்படி இருப்பார் என்று யார் சொல்வது? 1972-ல் இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் சுட்டு 26 பேரைக் கொன்றவர்கள் மூன்று ஜப்பானியர்கள். அங்கே யாரும் அந்த முகங்களை எதிர்பார்க்கவில்லை. இன்னொன்று: யாரை விடுகிறோம் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டால், எதிராளி நாலு பேரை வெறுங்கையோடு அனுப்பிப் பார்ப்பான்; பிடிபடாதவனை அப்புறம் பையோடு அனுப்புவான். குலுக்கல் முறையில் பொறுக்கினால் அந்த ஒத்திகை பலிக்காது. பாட்டிக்கு எரிச்சல்தான், ஆனால் காரணம் இருக்கிறது.

கேள்வி: இஸ்ரேல் ஆள் பார்த்துத்தானே சோதிக்கிறது? பலன் கிடைக்கிறதே!

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் நடந்ததைப் பாருங்கள். ஆன்-மேரி மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண், கர்ப்பிணி, இஸ்ரேலிய விமான நிறுவனமான எல் அல்லின் விமானத்தில் ஏற வந்தார். விமான நிலையத்தின் வழக்கமான சோதனையைத் தாண்டியாயிற்று. எல் அல் ஊழியர்கள் பேச்சுக் கொடுத்தார்கள்: யாரைப் பார்க்கப் போகிறீர்கள், பையைக் கொடுத்தது யார்? பதில்கள் ஒட்டவில்லை. பையைக் கொட்டிய பிறகும் கனத்தது. அடியில் ரகசியத் தட்டு, அதற்குள் வெடிமருந்து. கொடுத்தவன் அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தவன். அவருக்கு எதுவும் தெரியாது. முகத்தைப் பார்த்திருந்தால் முதலில் விட்டிருப்பார்கள்.

அதற்காக இஸ்ரேலில் பாகுபாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரபுக் குடிமக்களைக் குடைவதை எதிர்த்து அங்கேயே உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. மேலும், தினமும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்கும் அமெரிக்காவில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியுமா?

கேள்வி: சரி, முகம் வேண்டாம். பதற்றம், வியர்வை, கண் அசைவைக் கவனித்தால்?

பதில்: செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்கா 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் கொட்டியது. 2013-ல் அந்த நாட்டுத் தணிக்கை அமைப்பே, உடல்மொழியால் பொய்யைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய பூவா தலையா போடுவதுதான் என்று எழுதியது. விமானம் ஏறப் பயப்படுபவனும் வியர்க்கத்தானே செய்வான்!

கேள்வி: நாட்டை வைத்துப் பிரித்தால்?

பதில்: 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் குண்டை வெடிக்கச் செய்ய முயன்ற நைஜீரிய இளைஞனைப் பற்றி அவன் அப்பாவே முன்கூட்டி அமெரிக்கத் தூதரகத்தில் எச்சரித்திருந்தார். தகவல் கையில் இருந்தது, பயன்படுத்தவில்லை. அதற்குப் பிறகு 14 நாட்டுக்காரர்களுக்குக் கூடுதல் சோதனை என்று அறிவித்து, சில மாதங்களிலேயே கைவிட்டார்கள்.

கேள்வி: என் போர்டிங் பாஸில் அடிக்கடி நாலு 'எஸ்' விழுகிறது. பெயர்தான் காரணமா?

பதில்: நாலு 'எஸ்' என்றால் அமெரிக்க விமானப் பயணத்தில் கூடுதல் சோதனைக்கு உங்களைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர் ஒற்றுமையாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். பெயர்க் குழப்பத்தில் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியே 2004-ல் பலமுறை மாட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'ட்ரிப்' திட்டத்தில் விண்ணப்பியுங்கள். ரெட்ரெஸ் எண், அதாவது உங்கள் முறையீட்டுக்கான அடையாள எண், தருவார்கள். டிக்கெட் போடும்போது அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். நாலு 'எஸ்' இருந்தால் ஆன்லைனில் போர்டிங் பாஸ் பெரும்பாலும் வராது, கவுன்டரில்தான் வாங்க வேண்டும்.