அந்த மூன்று பட்டைகளை நம்பியா வீட்டுப் பத்திரத்தை வைக்கப் போகிறீர்கள்?

அம்மா, சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்தபோது அவளுடைய மாமா கையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பளபளப்பான கையேடு இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, நான்கு வருடத்துக்கு 9 லட்சம், இப்போதே முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்று அவர் அடுக்கினார். வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது சமாதானம் சொன்னேன். இப்போது நேராகவே சொல்கிறேன்: அந்தக் கடன் வேண்டாம்.

எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மாமா காட்டிய விளக்கப்படத்தில் மூன்று பட்டைகள். 82, 86, 92 விழுக்காடு. மூன்றாவது பட்டை முதல் பட்டையைப் போல ஆறு மடங்கு உயரம். உங்கள் மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "சார், இது பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கலை, 80-லிருந்து ஆரம்பிக்குது." பட்டை விளக்கப்படத்தில் நம் கண் நீளத்தைத்தான் ஒப்பிடும். அடியை வெட்டிவிட்டால் 2-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும். கோட்டு வரைபடம் அப்படியில்லை. காலப்போக்கில் ஏற்றமா இறக்கமா என்பதைச் சொல்வது அது. பூஜ்யத்தில் தொடங்காவிட்டாலும் பெரிய குற்றமில்லை.

அடுத்த பக்கத்தில் துறைவாரியாகச் சராசரிச் சம்பளம், அதுவும் பட்டைகளாக. இங்கே நமக்குத் தேவை நிகழ்வுச் செவ்வகம். 2 முதல் 3 லட்சம் வரை எத்தனை பேர், 3 முதல் 4 வரை எத்தனை பேர் என்று இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கும் படம். துறைகள் தனித்தனி வகைகள், அந்தப் பட்டைகளை இடம் மாற்றி வைக்கலாம். சம்பளம் தொடர்ச்சியான அளவு, அதன் வரிசையை மாற்ற முடியாது. நான்கு பேருக்குக் கிடைத்த பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். நிகழ்வுச் செவ்வகத்தில் அந்த நால்வரும் ஓரத்தில் தனியாக நிற்பார்கள்.

இதைப் பேசும்போது உங்கள் மகள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கவனித்தீர்களா? 1786-இல் பட்டை விளக்கப்படத்தின் முன்னோடி வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்தார். கையில் ஒரே ஒரு வருடக் கணக்குதான் இருந்தது, கோடு இழுக்க வழியில்லை. அதனால்தான் பட்டை வரைந்தார் என்று நான் சொன்னதும், "அப்போ டேட்டாதான் படத்தை முடிவு பண்ணுது, இல்லையா சார்?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவள் படிக்க வேண்டியது பி.எஸ்சி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள், எனவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

இன்னொன்றையும் முயலட்டும். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். என்ற பட்டப்படிப்பு. நுழைவுத் தேர்வு முழுக்கக் கணிதம், கடினமானது. கிடைத்தால் படிக்கும்போதே உதவித்தொகை தருகிறார்கள். கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை, மாநிலக் கல்லூரி இருக்கிறது.

வேலை? மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, எடைபோட்டு மாவட்ட விளைச்சலைக் கணக்கிடுவது போன்ற வேலைகள் அங்கே உண்டு. யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை 21 வயதிலிருந்து எழுதலாம். பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் போதும். மருந்து ஆய்வு, காப்பீடு, வங்கி என்று தனியாரிலும் இந்தப் படிப்புக்கு இடம் இருக்கிறது. அப்புறம், கோடிங் அவள் தனியாகவே கற்றுக்கொள்ளலாம், அதற்கு வீட்டை வைக்க வேண்டாம்.

மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள். அவர் மறுபடி வற்புறுத்தினால் ஒன்று கேளுங்கள்: போன வருடம் படிப்பை முடித்த எல்லோரிலும் எத்தனை பேர் எந்தச் சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கித் தரட்டும். அது வரும்வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், நிகழ்வுச் செவ்வகத்தை உங்கள் மகளே வரையட்டும்.