மூன்று முடிச்சும் விழும்வரை

கேள்வி: சித்தப்பா மகள் கல்யாணத்தை என் புது மிரர்லெஸ் கேமராவில் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் ‘செல்போனில் எடுத்த மாதிரி இருக்கே’ என்கிறார்கள். கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாங்கினால் சரியாகிவிடுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கிம்பலை அப்புறம் பார்க்கலாம் தம்பி. நீங்கள் அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். கலரும் ஃபோகஸும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கேமரா ஓர் இடத்தில்கூட மூன்று விநாடி நிற்கவில்லை. மணமேடை, உடனே மேலே பூ அலங்காரம், உடனே முதல் வரிசை, மறுபடி மணமேடை. பார்க்கிறவர் கண் எங்கே போய் உட்காரும்?

1990-களில் தோளில் வைக்கிற வி.எச்.எஸ். கேமராவில் நான் தொழில் பழகினேன். ஒரு முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கேட்டதும், அட்சதை போடுகிற கூட்டத்தைக் காட்டலாமென்று திரும்பினேன். மறுபடி மேடைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டுக் கேசட்டில் தாலி கட்டியது கிடையாது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

அன்றிலிருந்து ஒரே பழக்கம். ஒரு காரியம் ஆரம்பித்தால் அது முடிகிறவரை ஃப்ரேமை அசைக்க மாட்டேன். மாப்பிள்ளை முதல் முடிச்சு போடுவார். பல வீடுகளில் மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போடுவார். மாலையை ஒதுக்கி, ஜடையைத் தூக்கிப் பிடித்து, மஞ்சள் கயிற்றின் நுனியைத் தேடுகிற அந்த விரல்கள் இருக்கின்றனவே, எனக்குக் கல்யாணமே அங்கேதான் நடக்கிறது. அதை எடுக்க ஜூம் வேண்டாம், இடம்தான் வேண்டும். நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்கூட்டியே கேட்டு, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அங்கே போய் நின்றுகொள்ளுங்கள். அட்சதைக் கூட்டத்தை வேறு யாராவது செல்போனில் எடுக்கட்டும்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டை விறைப்பாகும்வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பான் செய்தே, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பியே, ஆகவேண்டுமென்றால் கிளம்பும் இடத்தில் ஐந்து விநாடி, சேரும் இடத்தில் ஐந்து விநாடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்ட இடமே கிடைக்காது.

கேள்வி: மண்டபத்துக்குள் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. கேமரா பழுதா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பழுது இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வையுங்கள். பெரும்பாலும் கோடு போய்விடும். கையசைப்பும் இயல்பாகத் தெரியும். வெயிலில் அதே 1/50-இல் எடுத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் போட வேண்டியிருக்கும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. வால் (பெரிய ஒளித்திரை) இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு போதாது. கூட்டம் வருவதற்கு முன்பே போய், ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, எந்த எண்ணில் கோடு மறைகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு அடுப்படியில் செல்போனில் சமையல் வீடியோ எடுக்கிறேன். என் முகம் கறுத்துப்போகிறது.
- வாசகி, காரைக்குடி

பதில்: ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறீர்கள் அம்மா. ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி நின்று சமையுங்கள். நேர் வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். அதைவிட நல்ல விளக்கை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் சேர்ந்தால் முகம் கெடும். திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். இட்லிப் பானையைத் திறக்கிற ஷாட்டுக்கு மட்டும் பானையை ஜன்னலுக்கு முன்னால், நீங்கள் முன்பு நின்ற இடத்திலேயே வையுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் ஆவி தெரியும்.