தாய்லாந்துப் பிரதமர் நாற்காலி: வாசகர் கேள்விகள்

மன்னர் இருக்கும் நாட்டில் பிரதமர் வெறும் பெயருக்குத்தானா?

இல்லை. அமைச்சரவை, பட்ஜெட், அன்றாட நிர்வாகம் எல்லாம் பிரதமரிடம்தான். நியமனத்துக்கு மன்னரின் ஒப்புதல் வேண்டும். 1932 ஜூன் 24 புரட்சியில் முழு முடியாட்சி முடிந்த பிறகு வந்த பதவி இது. முதலில் அமர்ந்தவர் நீதிபதியாக இருந்த மனோபகோர்ன். அடுத்த ஆண்டே ராணுவம் அவரை இறக்கிவிட்டது. பிள்ளையார் சுழியே அப்படி!

2023 தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சியின் தலைவர் ஏன் பிரதமராகவில்லை?

அங்கே தேர்தலில் ஜெயிப்பது பாதிக் கிணறுதான். 2017 அரசியல் சட்டப்படி ஒவ்வொரு கட்சியும் அதிகபட்சம் மூன்று பிரதமர் வேட்பாளர்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 500 பேர் கொண்ட கீழவையில் 25 இடமாவது பெற்ற கட்சியின் பட்டியலில் இருப்பவரையே முன்மொழியலாம். அவர் எம்.பி.யாக இருக்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ராணுவ ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்ட 250 செனட்டர்களும் (மேலவை உறுப்பினர்கள்) பிரதமர் தேர்வில் வாக்களிக்கலாம் என்று ஐந்தாண்டுக்கு ஓர் ஏற்பாடு. பிதா லிம்ஜாரோன்ராத்தின் கட்சி 151 இடங்களுடன் முதலாவதாக வந்தது. கூட்டணியும் அமைந்தது. ஆனால் ஜூலை 13 வாக்கெடுப்பில் தேவைப்பட்ட 375க்கு 324தான் கிடைத்தது. அவரை ஆதரித்த செனட்டர்கள் 13 பேர். இரண்டாமிடம் வந்த பியூ தாய் கட்சி, ராணுவச் சார்புக் கட்சிகளோடு கைகோத்து ஸ்ரேத்தா தவிசினைப் பிரதமராக்கியது. செனட்டின் அந்த உரிமை 2024 மே மாதத்தோடு காலாவதியாகிவிட்டது.

டி.வி.யில் சமையல் செய்ததற்காக ஒரு பிரதமரின் பதவி பறிபோனது என்கிறார்களே, கட்டுக்கதையா?

கதையல்ல. சமக் சுந்தரவேஜ் நல்ல சமையல் பிரியர். பிரதமரான பிறகும் டி.வி. சமையல் நிகழ்ச்சியில் வந்து, அதற்குச் சிறு தொகையும் பெற்றார். பிரதமர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று கூறி, 2008 செப்டம்பர் 9 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அவரை நீக்கியது. அடுத்து வந்த சோம்சாய் வோங்சவாட்டின் நிலை இன்னும் மோசம். போராட்டக்காரர்கள் அரசு மாளிகையைப் பிடித்து வைத்திருந்ததால், டான் முவாங் பழைய விமான நிலையத்திலிருந்து ஆட்சி நடத்தினார். அந்த டிசம்பரிலேயே அவர் கட்சியைக் கலைத்து அவரையும் அனுப்பியது அதே நீதிமன்றம்.

2014இல் யிங்லக், ஒரு அதிகாரியை இடமாற்றியதற்காக. 2024இல் ஸ்ரேத்தா, சிறை சென்றவரை அமைச்சராக்கியதற்காக. 2025இல் பேதோங்தார்ன், கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுடன் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்ததால். 'மாமா' என்று விளித்து, தன் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரையே எதிரணி என்று சொல்லியிருந்தார். ஐந்து பேரும் ஒரே முகாம். அதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. தாய்லாந்தில் ஒரு பிரதமரின் ஆயுளைக் கணிக்க வாக்குப் பெட்டியை விட நீதிமன்றத்தையும் படைமுகாமையும் கவனிப்பதே உத்தமம்.

அந்த முகாம் என்பது தக்சின் குடும்பமா?

ஆம். 2001இல் பிரதமரான தக்சின் சினவத்ராதான் தேர்தலில் வென்று நான்காண்டு பதவிக்காலத்தை முழுதாக முடித்த முதல் ஆள். மறுமுறையும் அபாரமாக ஜெயித்தவரை 2006 செப்டம்பரில் ராணுவம் கவிழ்த்தது. தங்கை யிங்லக் முதல் பெண் பிரதமர். மகள் பேதோங்தார்ன் பதவியேற்றபோது வயது 37. அவரை விட இளைய பிரதமர் அங்கே இருந்ததில்லை. சோம்சாய் தக்சினின் தங்கை கணவர்.

குடும்ப ஆட்சி என்றதும் இவர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. 1975இல் செனி பிரமோஜின் அரசு ஒரு மாதத்தில் கவிழ, நாற்காலியில் உட்கார்ந்தது வேறு கட்சியிலிருந்த தம்பி குக்ரித். மறு ஆண்டு அண்ணன் திரும்பி வந்தார்! குக்ரித் அதற்கு முன்பே, 1963இல், மார்லன் பிராண்டோ நடித்த ஹாலிவுட் படத்தில் ஒரு கற்பனை நாட்டின் பிரதமராக நடித்தவர்.

அதிக காலம் பதவியில் இருந்தவர் யார்?

ராணுவ அதிகாரி பிபுன்சொங்க்ராம். இரண்டு கட்டமாக ஏறத்தாழ 15 ஆண்டுகள். 1939இல் சயாம் தாய்லாந்து ஆனது இவர் காலத்தில்தான். ஒரு தேர்தலிலும் நிற்காமல் 1980 முதல் 1988 வரை ஆண்ட தளபதி பிரேம் இன்னொரு ரகம்.

எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருக்கக் கூடாதாமே? பிரயுத் ஒன்பது ஆண்டு இருந்தாரே?

2014 ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய தளபதி பிரயுத், அந்த ஆகஸ்டில் பிரதமரானதிலிருந்து எண்ணினால் 2022 ஆகஸ்டிலேயே அவருக்கு எட்டு முடிந்திருக்கும். வழக்கும் போனது. புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்த 2017 ஏப்ரல் 6இலிருந்தே எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது நீதிமன்றம். 2023 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. அந்த ஆண்டு நவம்பரிலேயே மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் உறுப்பினராகிவிட்டார்.